பஞ்ச் அடித்த பிறகு

இரண்டு மணிக்கு என்று போட்டிருக்கிறாள். இப்போது பன்னிரண்டு பத்து. ஒரு படுக்கை விரிப்புக்குப் பன்னிரண்டு விநாடி என்றால் நிமிடத்துக்கு ஐந்து, அப்படியானால் இன்னும் ஐந்நூற்றைம்பது விரிப்பு இஸ்திரி உருளைக்குள் போனதும் எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூலையைப் பிடி. எதிரே கெனட் தன் மூலையைப் பிடிப்பாள். உதறு, இழு, கொடு, விடு. ஈரமாக உள்ளே போகிற விரிப்பு அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். காலை இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். ஹெய்டி அனுப்பியிருந்தாள். இந்தச் சலவைக்கூடத்துக்கு மேலாளர் அவள், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். ‘இரண்டு மணிக்கு என் அறைக்கு வா. சங்கப் பிரதிநிதி ஓலாவும் இருப்பார். கொஞ்சம் பேச வேண்டும்.’ கடைசியில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. அந்த மூஞ்சியைத்தான் நம்ப முடியவில்லை. திருப்பூரில் எங்கள் முதலாளி ஓர் ஆளை நிறுத்துவதற்கு முன் டீ சொல்லுவார். டீ வந்தால் முடிந்தது. கூடவே பன்னும் வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். சிரித்த முகத்தோடுதான் எல்லாம் நடக்கும், எனக்குத் தெரியாதா, பதினாறு வருடம் அந்தப் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான், எத்தனை டீயை நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பேச வேண்டும் என்றால் எவ்வளவு கொஞ்சம். பேசுவதற்குச் சங்கத்து ஆள் எதற்கு. இரண்டு பேர் பேசும் இடத்தில் மூன்றாவது ஆள் வந்தால் அவன் சாட்சி. மூலையைப் பிடி, சென்னியப்பா, மூலையை விட்டுவிட்டாய், கெனட் பார்க்கிறாள், விரிப்பு கோணலாகப் போகிறது.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் என்ன கனம் என்று காலையிலிருந்து துழாவிக்கொண்டிருக்கிறேன். நேரத்துக்கு வராமல் இருந்ததுண்டா, இல்லை. ஏழு மணி வேலைக்கு ஆறு நாற்பதுக்கே வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் நின்றிருக்கிறேன். லீவு போட்டதுண்டா, அதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் போட்டிருந்தது. உடம்பு சரியில்லை என்றால் மூன்று நாள்வரை டாக்டர் சீட்டு இல்லாமலே வீட்டில் இருக்கலாம், வாயால் சொன்னால் போதும், சம்பளமும் உண்டு. கோகிலாதான் படித்துச் சொன்னாள். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் நான். நெசமாத்தானுங் மாமா, எங்க வார்டுல எல்லாரும் எடுக்கறாங்க என்றாள். நான் நம்பவில்லை. அது எலிப்பொறியில் வைக்கிற தேங்காய்ச் சில்லு, யார் யார் எடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் என்றேன். டிசம்பரில் நூற்றிரண்டு காய்ச்சல் அடித்தபோது பாக்கெட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதே உருளைக்கு முன்னால் நின்றேன். வியர்த்துக் கொட்டியது. கெனட்தான் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ, எனக்கு ஒட்டிவிடும் என்றாள். கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக உதறினேன். அதைப் பற்றியா பேசப் போகிறார்கள். காய்ச்சலோடு வந்தது குற்றமா. இல்லை, எலுமிச்சைச் சாதமா. சாப்பாட்டு அறையில் எல்லாரும் ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டுவந்து சத்தமில்லாமல் தின்கிறார்கள், நான் டப்பாவைத் திறந்தால் கடுகும் பெருங்காயமும் கூரைவரை போகிறது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பெரிய தொல்லை. திட்டினால் தெரியும். முறைத்தால் தெரியும். இவர்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். இன்றைக்குச் செவ்வாய். எனக்குப் பின்னால் இருப்பது இரண்டு வருடம், நூற்றுக்கு மேல் விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, அதைச் சொல்ல வேண்டும், இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், உங்களைவிடப் பொருத்தமான ஒருவர் கிடைத்தார் என்று மரியாதையாக எழுதினார்கள். தரையைத் துடைக்கிற வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவன் எப்படி இருப்பான் என்று நான் யோசித்துப் பார்ப்பேன். வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு பையன், காதில் வளையம், என் விவரத்தாளைப் பார்த்துவிட்டுப் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டான். வேலை என்றேன். அது பொழுதுபோக்கு இல்லை என்றான். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாதே என்றேன். அவனே அடித்துவிட்டு மலையேற்றம் என்று எழுதினான். இங்கே நேர்காணலில் ஹெய்டி அதைப் படித்துவிட்டு ஆசையாகக் கேட்டாள், எந்த மலை. பழனி என்றேன். கஷ்டமான மலையா என்றாள். அறுநூற்றுச் சொச்சம் படி என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போய்க் கோகிலாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். அதற்கு முந்தின வாரம்தான் நான் சொல்லியிருந்தேன், இதுவும் கிடைக்கலைன்னா நான் ஊருக்குப் போயிர்றேன் புள்ள, பழைய முதலாளி எப்ப வேணாலும் வரச் சொல்லியிருக்கார், நீயும் ஆதிரையும் இங்கயே இருங்க. கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். ஒரு நர்ஸ் சம்பளத்தில் இரண்டு பேர் இருக்கலாம், மூன்று பேர் இருந்தால் மூச்சு முட்டும். ஆதிரைக்கு ஒன்பது வயது, இந்த ஊர்ப் பாஷையில்தான் தூக்கத்தில் உளறுகிறாள். அவள் திரும்பி வர மாட்டாள். கோகிலா அவளை விட்டு வர மாட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து பார்க்கிற அப்பனாக நான் ஆகிவிடுவேன், விமான நிலையத்தில் குழந்தை தயங்கித் தயங்கி வந்து தொடும். உதறு, இழு. பன்னிரண்டு ஐம்பது. இன்னும் முந்நூற்றைம்பது விரிப்பு.

கெனட் இன்றைக்குப் பேசவில்லை. மற்ற நாளிலும் அவள் நிறையப் பேசுகிறவள் இல்லை, உருளைச் சத்தத்தில் பேசவும் முடியாது, ஆனால் பேசாமல் இருப்பதில் வகை உண்டு. எரித்திரியாக்காரி. எப்போதும் நெற்றியை மறைத்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். நான் சேர்ந்த முதல் வாரம் சூட்டில் விரல் நுனி கொப்பளித்தபோது, முழுக் கையால் பிடிக்காதே, இரண்டு விரல் போதும், இப்படி, என்று என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தவள். போனில் மகன் படம் வைத்திருக்கிறாள், பதினான்கு வயது, யோனாஸ், கம்பாலாவில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறான். ஆறு மாதமாக ஒரு துணியின் இரண்டு முனையை நானும் அவளும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், கட்டின பெண்டாட்டியோடுகூட இப்படி முகத்துக்கு முகம் நின்றதில்லை. இன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறாள். ஏன். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. போன திங்களன்று சுவரில் ஒட்டியிருக்கிற வேலை அட்டவணைக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். நான் போய்ப் பார்த்தபோது சில கட்டங்களில் பேனாவால் கோடு இழுத்திருந்தது, என் கட்டத்தில் இல்லை, அதனால் நான் திரும்பி வந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சரி, ஆனால் பேயே இல்லாமலும் யாரும் அரளுவதில்லை. ஒருவேளை நல்ல செய்தியாகவும் இருக்கலாம். போன மாதம் காபி மேசையில் ஹெய்டி எல்லார் முன்னாலும் சொன்னாளே, இப்போதெல்லாம் மாலை வேலை எவ்வளவு சுலபமாக முடிகிறது, என்ன மாயமோ என்று. நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன். எனக்கு மட்டும் தெரிந்த மாயம். உள்ளுக்குள் ஒரே குளுகுளு. தானாகக் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்கிற அன்றைக்கு என்னை விட மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதானோ. கண்டுபிடித்துவிட்டார்களோ. அப்படியானால் சிரிக்கிற மூஞ்சி சரிதான். அப்படியானால் சங்கத்து ஆள் எதற்கு.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ளவாவது வேண்டும். மூன்று மணிக்கு என் வேலை முடிகிறது. கதவருகே உள்ள பெட்டியில் அட்டையைக் காட்டினால் பீப் என்று ஒரு சத்தம், ஸ்டாம்ப் என்பார்கள், ஊரில் பஞ்ச். ஹெய்டி மூன்று அடித்ததும் மழலையர் பள்ளியில் பிள்ளையைக் கூப்பிட ஓடிவிடுவாள். நான் அட்டையைக் காட்டுவேன், கோட்டை மாட்டுவேன், எல்லாருக்கும் கையசைப்பேன், பின்பக்கக் கதவு வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்கு மூட்டைகளைப் பிரித்து, விரிப்பு தனியாக, உறை தனியாக, துண்டு தனியாக வண்டிகளில் போட்டு வரிசையாக நிறுத்துவேன். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. மாலை ஆட்கள் அது என் வேலை நேரம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் வீட்டுக்குப் போன இரண்டு நாளும் எனக்குப் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. மணி அடித்ததும் எழுந்து போகிறவன் வேலைக்காரனா, நாங்கள் அப்படிப் பழகவில்லை. திருப்பூரில் முதலாளி வண்டி கேட்டைத் தாண்டும்வரை நிற்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் சும்மா நின்றாவது நமக்கு அக்கறை இருக்கிறது என்று காட்ட வேண்டும். அங்கே என் லைனில் அறுபது பேர். அஞ்சரைக்கு எல்லாரும் பஞ்ச் அடித்துவிட்டு வரிசையாகத் திரும்பி வந்து மெஷினில் உட்காருவார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் காகிதத்தைப் பார்த்தால் அஞ்சரைக்குக் கம்பெனி காலி. காகிதம் தூங்கும், மெஷின் ஓடும். அதை நான் தந்திரம் என்றுகூட நினைத்ததில்லை, அதுதான் வேலை நடக்கிற விதம் என்று நினைத்தேன். என் லைனில் ஒருத்தரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்வேன். பஞ்சவர்ணம்கூட முணுமுணுத்ததில்லை. அவள் எதற்கு இப்போது வருகிறாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, செக்கிங் டேபிளில் ஏழு வருடம். அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், ஏழு மணிவரைதான் பார்க்க விடுவார்கள். பஞ்ச் அடித்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பாள். வாயைத் திறந்து கேட்க மாட்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். இந்தப் பண்டலை முடிச்சுட்டுப் போம்மா என்பேன். சரிண்ணே என்பாள். நாலு நாள் அப்படி. அஞ்சாவது நாள் போன் வந்தது, அவன் அண்ணன் தம்பிகள் அவனை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த பனியன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அடுக்கி முடித்தாள். அப்புறம்தான் கேட்டாள், இப்பப் போகட்டுமாண்ணே. இதையெல்லாம் நினைத்தால் விரிப்பு சுருங்குகிறது. சுருங்கினால் எடுத்து மறுபடி விட வேண்டும். ஒன்று இருபது.

அடுத்த மாதமே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கம்பெனியைச் சோதிக்க. சுவருக்கு வெள்ளை அடித்தோம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வைத்தோம். ஒரு நரைத்த தலை அம்மாள் பஞ்சவர்ணத்திடம் வந்தாள், கூட வந்த பெண் தமிழில் கேட்டாள், அஞ்சரைக்கு மேல் இங்கே வேலை உண்டா. நான் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இல்லைங்கம்மா, அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவோம் என்றாள், சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள், ஒரு சிரிப்பும் சேர்த்து. அன்றைக்கு வீட்டில் அதைக் கதையாகச் சொன்னேன். கோகிலா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், அந்தப் பொண்ணு வூட்டுக்காரன் என்ன ஆனானுங் மாமா. எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம், வாய் வலித்திருக்காது. எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும், ஆனால் இப்போது போனால் பயந்துவிட்டான் என்று நினைப்பார்களோ. யார் நினைப்பார்கள். இங்கே கழிப்பறைக்குப் போவதற்குக் கேட்கக்கூட வேண்டாம், முதல் நாள் நான் கையைத் தூக்கி அனுமதி கேட்டபோது ஹெய்டிக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. அங்கே என் மேசையில் ஒரு டோக்கன் வைத்திருந்தேன், ஒரே ஒரு டோக்கன், அறுபது பேருக்கு. அதை நினைக்காதே. ஒன்று முப்பத்தைந்து. மேலே உள்ள கண்ணாடியில் வெயில் வந்திருக்கிறது, பிப்ரவரி வெயில், சும்மா பார்ப்பதற்கு மட்டும்.

ஒன்று ஐம்பதுக்குக் கெனட் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உருளை முனகிக்கொண்டே நின்றது. நடு நேரத்தில் மெஷினை நிறுத்துவதா என்று எனக்குத்தான் முதலில் பதறியது. அவள் விரிப்பின் தன் முனையை விடாமல் என்னைப் பார்த்தாள். இந்த ஊர்ப் பாஷை எங்கள் இருவருக்கும் இரவல்தான், அதனால் மெதுவாகவே பேசுவாள்.

“ஓலாவிடம் சொன்னது நான். அந்த அறையில் போய் உனக்குத் தெரியக் கூடாது. என்னிடமிருந்து தெரிய வேண்டும்.”

என்ன சொன்னாய் என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்தது. மூன்று மணிக்குப் பிறகு நான் உள்ளே இருப்பதை இரண்டு தடவை பார்த்தாளாம், மாலை ஆட்களிடம் விசாரித்தால் தினமும் என்றார்களாம். உதவிதானே செய்தேன் என்றேன். யாருக்கு என்றாள். அவள்தான் சொன்னாள். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு மேல் மூட்டை பிரிக்க அவளைக் கூப்பிடுவார்கள், அந்த இரண்டு மாலையையும் ஹெய்டி எடுத்துவிட்டாள், மூட்டை எல்லாம் பிரித்தே கிடக்கிறதே, இனி ஆள் எதற்கு என்று. அட்டவணையில் இழுத்திருந்த கோடுகள் அவைதான். மகனை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு வருடம் முழுக்க இவ்வளவு சம்பளம் வருகிறது என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும், அந்த இரண்டு மாலை இல்லாவிட்டால் அது எட்டாது. எட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஒரு வருடம். அவனுக்குப் பதினைந்து ஆகிவிடும். இதையெல்லாம் அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள், டிசம்பரில் வீட்டுக்குப் போ என்று சொன்ன அதே குரலில். எனக்குத் தெரியாது கெனட், சத்தியமாகத் தெரியாது என்றேன்.

“தெரியாது என்று எனக்குத் தெரியும். போன வாரம் உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.”

பொத்தானை மறுபடி அமுக்கினாள். மிச்சமிருந்த விரிப்புகளை இரண்டு பேரும் சேர்ந்து விட்டோம்.

எங்கள் ஊரில் கோள் சொல்கிறவள் முதுகுக்குப் பின்னால் சொல்வாள், நேரில் வந்து இன்னாரிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்ல மாட்டாள், அப்படிச் சொல்கிறவளை எப்படி வெறுப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெறுக்கத்தான் பார்த்தேன். தாழ்வாரத்தில் நடக்கும்போது, நன்றி கெட்டவள், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. யார் பிழைப்பில் யார் மண்ணைப் போட்டது. அக்கறை காட்டுகிறேன் என்று நான் தினமும் ஒரு மணி நேரம் அவள் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, இப்போது என்ன. இல்லை என்று சொல்லிவிட்டால். இரண்டு தடவை பார்த்தேன் என்றால் பார்த்தது என்னைத்தானா, கோட்டு மறந்து வந்தேன், பர்ஸ் மறந்து வந்தேன், எத்தனை காரணம் சொல்லலாம், ஆயிரம் காரணம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். வெள்ளிக்கிழமை தாண்டினால் நிரந்தரம். நிரந்தரமான பிறகு கெனட்டுக்கு ஏதாவது உதவி செய்யலாம். என்ன உதவி செய்வாய், அவள் மகனை நீ கூட்டிக்கொண்டு வருவாயா. கோகிலாவுக்குப் போன் செய்து கேட்கலாமா. அவள் வார்டில் இருப்பாள். கேட்டாலும் என்ன சொல்வாள், உங்களுக்குத் தெரியாததாங் மாமா என்பாள். கதவு திறந்தே இருந்தது. இந்த ஊரில் மேலாளர் அறைக் கதவு திறந்தேதான் இருக்கும், அதுவே எனக்கு இன்னும் பழகவில்லை.

ஹெய்டி கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள், செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. காபி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாக. ஓலாவ் வயதானவர், மூட்டை இறக்குகிற பகுதியில் வேலை, முழங்கைவரை சுருட்டிய ஸ்வெட்டர், கையில் ஒரு சின்ன நோட்டு. ஹெய்டி ஒரு காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள். என் முழுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, அதற்குக் கீழே நிரந்தரம் என்ற சொல். அந்தச் சொல்லை மட்டும் எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும். உன்னை மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம், வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றாள். அதன்மேல் ஒரு பேனாவும் வைத்தாள். கை தானாகப் போனது. அதற்கு முன் ஓலாவ் ஒன்று கேட்க வேண்டும் என்கிறார் என்றாள். ஓலாவ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஸ்டாம்ப் அடித்த பிறகும் நீ வேலை செய்கிறாயா?”

நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று ஹெய்டி இடையில் சொன்னாள், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கெட்ட பெண் இல்லை, அவள் அதிர்ந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். தன் இடத்தில் அப்படி நடக்கவில்லை என்று அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தொனி எனக்குத் தெரியும். அது என் தொனி. ஒரு சொல் போதும், அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, காகிதமும் ஒழுங்காக இருக்கும். இவர்கள் பாஷையில் ‘இல்லை’ என்பது மிகச் சின்னச் சொல், மூக்கிலிருந்து வெளியே விட்டால் போதும். ஆதிரை விமான நிலையத்தில் நிற்கிறாள். கோகிலா பேசாமல் பெட்டியைத் தள்ளுகிறாள். அதே கேள்வி, சொல்தான் வேறு, கேள்வி அதேதான், அன்றைக்கு அதைக் கேட்ட அம்மாள் இந்த ஊர்க்காரியாகவே இருந்திருக்கலாம். எத்தனை தடவை எத்தனை பேரை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நிற்கிற இடம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. பஞ்சவர்ணம் எப்படித்தான் சிரித்தாளோ.

“ஆமாம்” என்றேன். “தினமும்.”

ஓலாவ் எழுதினார். எப்போதிருந்து என்று கேட்டார், செப்டம்பர் என்றேன். அவ்வளவு நாளா என்று ஹெய்டி தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையை நீட்டிப் பேனாவை எடுத்து மூடினாள், காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை, மெதுவாகத்தான். இன்றைக்கு இதில் கையெழுத்துப் போட முடியாது, நான் மேலே சொல்லியாக வேண்டும், நீ செய்தது சட்டப்படி தப்பு, நான் பார்க்காமல் விட்டதும் தப்பு, அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது என்றாள். வெள்ளிக்கிழமை நான் உன் பக்கம் உட்காருவேன், ஆனால் வேலை நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் ஓலாவ். அவரே கெனட்டின் மாலைகளைப் பற்றிக் கேட்டார். அப்படியானால் அந்த வேலைக்கு ஆள் வேண்டும்தான், திருப்பிக் கொடுத்துவிடலாம், இன்றைக்கே வரச் சொல்லலாம் என்றாள் ஹெய்டி. நான் தலையை ஆட்டினேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அதுவரை கோகிலாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, இன்றைக்கே சொல்ல வேண்டும், சாப்பிடுவதற்கு முன்னாலா பின்னாலா.

ஹெய்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் உன்னைச் செய்யச் சொன்னது என்றாள். யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு ஏன். வேலையில் அக்கறை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நேர்காணலில் சொல்கிற பதில், ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில். அது வரவில்லை. பயம் என்றேன். அந்தச் சொல்லை இந்தப் பாஷையில் நான் அதுவரை சொன்னதில்லை, சரியாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்தது, முகம் சிவந்துவிட்டது.

“பயமா? யாரைக் கண்டு, என்னையா?”

அவளைப் பார்த்தேன். காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு தையல் விட்டிருந்தது. மேசையில் பிள்ளை கிறுக்கின படம், ஆறு கால் உள்ள நாய். இவளுக்கு யார் பயப்படுவார்கள். இந்தக் கூடத்தில் என் பின்னால் யாரும் நின்றதில்லை, ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட யாரும் கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றதில்லை. ஆனால் தினமும் மூன்று மணிக்கு அட்டையைக் காட்டியதும் ஒருவன் நிற்பது எனக்குத் தெரியும், போ பார்க்கலாம் என்று நிற்பான், திரும்பிப் பார்க்காமலே அவன் முகம் தெரியும், தினமும் காலையில் நான் சவரம் செய்கிற முகம்.

“இல்லை” என்றேன். “என்னை மாதிரி ஓர் ஆளைக் கண்டு.”

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரியவில்லை என்றார் ஓலாவ், கேலியாக இல்லை, உண்மையாகவே. சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த சொற்கள் இதற்குப் போதாது என்று தெரிந்தும், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, திருப்பூரிலிருந்து, சொல்ல ஆரம்பித்தேன்.